ரோஜா நின்ற தண்ணீர்

பெங்களூர் வியாபாரி அனுப்பிய வீடியோவில், கல்யாண மேடை முழுக்கச் சிவப்பு ரோஜாக்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. இதழ் உதிரவில்லை, நிறமும் மங்கவில்லை. பூவுக்குக் கீழே கழுத்து மட்டும் மடங்கியிருந்தது. அந்தப் பூவை அனுப்பிய தோட்டத்துக்காரன் தீர்த்தகிரி அதை ஒரு தரம் பார்த்தான். நேராகப் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸுக்குள் போய், பூ வெட்டிக்கொண்டிருந்த ரங்கம்மாவின் முன்னால் நின்றான்.

“மொக்கு முத்தறதுக்கு முன்னாலயே வெட்டித் தள்ளிக்கினு இருக்க. அதான் கழுத்து தொங்குது. நாளையிலருந்து வராத.”

மற்றப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரங்கம்மா கத்தரியை முந்தானையில் துடைத்தாள்.

“நான் வெட்டறப்போ நேராத்தாண்ணா நின்னுச்சு. உங்க கூலிங் ரூமுக்குள்ள போயி எதைப் பாத்து வெக்கப்பட்டுச்சோ.”

சொல்லிவிட்டுக் கத்தரியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மொக்கு பார்க்கத் தெரியாதவள் என்று பேர் வந்துவிட்டால், தொரப்பள்ளிப் பக்கம் வேறு எந்தத் தோட்டத்திலும் அவளை எடுக்க மாட்டார்கள். பூத் தரம் பிரிக்கும் ஷெட்டில் இருந்த அனிதாவுக்கு அது தெரியும். தீர்த்தகிரியின் மனைவி அவள். ரங்கம்மா வெட்டிய பூவைத் தினமும் கையில் எடுத்துப் பார்ப்பவள். மொக்கில் குறையே கிடையாது.

குளிர் அறைக்குள் போனாள். பாதியாக அறுத்த நீல டிரம்களில் ரோஜாக்கள் விறைப்பாக நின்றன. ஓசூர் சிப்காட் பக்கம் பழைய இரும்புக் கடையில் சல்லிசாகக் கிடைத்ததென்று தீர்த்தகிரி போன மாதம் ஏற்றிக்கொண்டு வந்த டிரம்கள். ஒரு பூக்கட்டைத் தூக்கிவிட்டு முழங்கை வரை கையை விட்டாள். டிரம்மின் உட்சுவர் கெளுத்தி மீனின் தோல்போல வழுக்கியது. கையை எடுத்தபோது விரலிடுக்கில் சளிமாதிரி ஒன்று நூலாக நீண்டது. பிறகு நாற்றம் வந்தது. அழுகிய முட்டை.

குமட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். அந்த நாற்றம் அவளுக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூக்கண்டப்பள்ளியில் தங்கி, இரும்பு உதிரிபாகங்களை மெஷினில் கடையும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நின்றுபோன மெஷின்களைத் திங்கட்கிழமை ஓடவிட்டால், சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெயில் பெருகிய கிருமிகள் இப்படித்தான் நாறும். கூலன்ட் வந்த டிரம்கள் இவை. மேலே கழுவியிருந்தார்கள். வெடிப்புகளில் ஒட்டியிருந்த பிசுக்கு உள்ளேயே வளர்ந்திருந்தது. தண்ணீர் குறையும்போதெல்லாம் மேலே ஊற்றி நிரப்பினார்களே தவிர, ஒருவரும் கொட்டிக் கவிழ்க்கவில்லை.

ரோஜாவின் தண்டுக்குள் பம்பு எதுவும் இல்லை. மயிரிழையிலும் மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாக மேலே போகின்றன, அவ்வளவுதான். இழுப்பது இலை. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் ஆவியாகிப் போகப் போக, கீழிருந்து தண்ணீர் அறுபடாத நூலாக ஏறி வருகிறது. மண்ணில் இருக்கும்வரை அந்த நூலின் அடிநுனியில் வேர் இருக்கிறது. வேர் உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று பார்த்தும் விடுகிறது. வெட்டிய பூவுக்கு அந்தக் காவல் இல்லை. திறந்த வாயை எதில் வைக்கிறோமோ அதை அப்படியே குடிக்கும். டிரம்மின் சளி குழாய்களின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். குளிர் அறையில் இலை அதிகம் இழுப்பதில்லை, அதனால் அடைப்பு தெரியாது. மண்டபத்தின் விளக்குச் சூட்டில் இலை இழுக்கும், தண்ணீர் வராது, பூவின் கழுத்து மடங்கும்.

அனிதா ஒரு பூக்கட்டை வெயில்படும் ஷெட்டில் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தலைகள் சாய்ந்தன. ஒரு தண்டைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்தாள். அடிநுனி மட்டும் பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. அதற்கு மேலே பச்சையும் வெள்ளையுமாக நல்ல தண்டு. வீட்டிலிருந்து சோறாக்கும் அண்டாவைக் கொண்டுவந்து சுத்தமான தண்ணீர் நிரப்பினாள். காற்று புகாதபடி தண்டுகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து நுனியை நறுக்கினாள். நியூஸ்பேப்பரில் இறுக்கிச் சுற்றி நிறுத்தினாள்.

சாயங்காலம் பேப்பரைப் பிரித்தபோது தலைகள் நிமிர்ந்திருந்தன. தீர்த்தகிரி குனிந்து பார்த்தான்.

“அப்போ சரி. எல்லாத்தையும் ரெண்டு இஞ்சு நறுக்கி, டிரம்முல புதுத் தண்ணி ஊத்தி வண்டியில ஏத்திரு.”

“அதே டிரம்முலயா?”

“கழுவிட்டுத்தான். அவனுங்க மேடைக்குத்தானே வாங்கறானுங்கோ, சாப்பிடவா போறானுங்கோ?”

“ரங்கம்மாக்காவுக்கு என்ன சொல்றது?”

“போனவ போனவதான். திருப்பிக் கூப்பிட்டா ஊரு என்னைப் பாத்துச் சிரிக்கும்.”

அவன் சாவகாசமாக டீயை உறிஞ்சினான். டிரம்முக்குள் கை விட்டபோது வந்த அதே குமட்டல் அனிதாவுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் வந்தது. குளிர் அறைக்குப் போய் டிரம்மிலிருந்து ஒரு மக் தண்ணீரை மொண்டு வந்து அவன் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

“மோந்து பாருங்க. பாத்துட்டு, தப்பு ரங்கம்மாக்கா மேலதான்னு சொல்லுங்க.”

தீர்த்தகிரி மூச்சை இழுத்தான். டீ வாயிலிருந்து அப்படியே மண்ணில் விழுந்தது. கண்ணில் நீர் முட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“தூரப் போடுடி அத... சரி, வரச்சொல்லு.”

அனிதா அங்கேயே நின்று ரங்கம்மாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். ரங்கம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“நீ சொல்ற சரி பாப்பா. அண்ணன் சொல்லட்டும்.”

“மொக்குல தப்பில்ல ரங்கம்மா,” என்றான் தீர்த்தகிரி. “டிரம்முதான்.”

“போகச் சொன்னப்போ எல்லாரும் இருந்தாங்கோ. இதையும் எல்லாரும் இருக்கறப்போ சொல்லுவீங்களா?”

அவன் தலையாட்டினான்.

“வாயத் தொறந்து சொல்லுங்க,” என்றாள் அனிதா. “போனுக்குத் தலையாட்டறது தெரியாது.”

“சொல்றேன்.”

“அப்போ காலையில வரேன்,” என்றாள் ரங்கம்மா. “நான் வர்றதுக்குள்ள அந்தக் கருமத்தத் தூக்கி வெளிய போட்ருங்க.”

போன் நின்றது. வேலையாட்கள் எல்லோரும் போய்விட்டிருந்ததால் தீர்த்தகிரியே பூக்கட்டுகளை எடுத்து வைத்துவிட்டு முதல் டிரம்மைச் சாய்த்து உருட்டினான். தண்ணீர் சலம்பி அவன் வேட்டியிலும் காலிலும் வழிந்தது. அவன் காலை உதறிக்கொண்டே குழாயடிக்கு ஓடி, சோப்பு கேட்டான்.

அனிதா எடுத்துக் கொடுக்கவில்லை. அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்த கட்டை நறுக்கத் தொடங்கினாள்.