கை தூக்காத கோடை

எங்கள் பாதையில் எதிரே யார் சைக்கிளில் வந்தாலும் கை தூக்க வேண்டும். முழுக் கையும் வேண்டாம், கைப்பிடியை விடாமல் நாலு விரலைத் தூக்கினால் போதும். தெரிந்தவர், தெரியாதவர், பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒருவர் தூக்கி மற்றவர் தூக்காமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை. என் அப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் ஒரு வேலித் தகராறில் பத்தொன்பது வருஷம் அப்படிக் கை தூக்காமலே இருந்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

டெல்பர்ட் ஹோல்ஷர் ஏப்ரல் மாதம் எனக்குக் கை தூக்குவதை நிறுத்தினான். அவனுக்கு எழுபத்திரண்டு வயது. ஆனாலும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள் நாங்கள், எனக்கு அவன் எப்போதும் ‘அவன்’தான்.

மார்லோவிலிருந்து லிண்டன் வரை பதினோரு மைல். ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கரை வரைக்கும் சோளமும் சோயாவும், கரைக்கு அப்பால் மிசூரி ஆறு. மேடு இல்லை, பள்ளம் இல்லை, மோட்டார் வண்டி இல்லை. முப்பத்தொரு வருஷம் இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் பாதைக் குழுவுக்குத் தலைவியானேன். விழுந்த கிளையை வெட்டுவது, மழை அரித்த இடத்தை நிரப்புவது, ஊராரைத் திட்டுவது, இவைதான் வேலை.

டெல்பர்ட் எங்கள் ஊர் மார்லோவில் தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் மனைவி இமோஜீன் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக லிண்டன் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டை அவன் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். நர்ஸ் கரண்டியை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். அதனால் தினமும் பத்து மணிக்கு முன்கூடையில் ஒரு பாட்டில் ஆப்பிள் கூழை வைத்துக்கொண்டு அவன் கிளம்பிவிடுவான். பிக்கப் வண்டியை அதற்கு முன்பே விற்றிருந்தான். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, சைக்கிள் முட்டிக்கு நல்லது என்றான். கஞ்சன் என்று நாங்கள் சிரித்தோம்.

ஜனவரியில் குழுக் கூட்டம் நடந்தது. மழை பெய்தால் போதும், யாராவது பண்ணைச் சாலை குறுக்கிடும் சந்திப்பு வழியாக வண்டியை உள்ளே விட்டுப் பாதையை உழுதுவிட்டுப் போகிறார்கள். மூன்று சந்திப்புகளில் பாதை நடுவே இரும்புத் தூண் நடலாம் என்றேன். சைக்கிள் இரண்டு பக்கமும் போகலாம், பிக்கப் போக முடியாது. எல்லோரும் தலையாட்டினார்கள். டெல்பர்ட் மட்டும் வேண்டாம் என்றான். நடுவில் நட்டால் யாராவது போய் முட்டுவார்கள் என்று இரண்டு தடவை சொன்னான்.

"இம்மாம் பெரிய செவப்புத் தூணு கண்ணுக்குத் தெரியலன்னா, அவன் சைக்கிள் ஓட்டாம வீட்டுல உக்காரட்டும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. நன்றாகச் சொன்னோம் என்று வீடு வரை எனக்கு ஒரே திருப்தி. டெல்பர்ட் அதோடு குழுவிலிருந்து விலகிக்கொண்டான், அவன் இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

பனி விலகி ஏப்ரலில் பாதைக்கு வந்த முதல் நாள், எதிரே வந்த அவனுக்கு நான் கை தூக்கினேன். அவன் தூக்கவில்லை. நேராக என்னைப் பார்த்தபடியே போனான். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாவது நாளும் அப்படியே. ஓட்டில் தோற்றதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நாலாவது நாள் நானும் கையைக் கைப்பிடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து செப்டம்பர் வரை வாரத்தில் நாலைந்து நாள், ஆறாவது மைல் பக்கம், நாங்கள் ஒருவரையொருவர் கடந்து போனோம். அவன் லிண்டனுக்குப் போவான், நான் அங்கிருந்து திரும்பிக்கொண்டிருப்பேன். நான் சோளத்தைப் பார்த்துக்கொள்வேன். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் நிறுத்தியவன்தான் முதலில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கத்தில் நான் ரொம்பக் கறார்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் தூண்கள் வந்தன. பாதை தொடங்கும் இடத்து அறிவிப்புப் பலகையில் நானே எழுதி ஒட்டினேன். வாரப் பத்திரிகையிலும் போட்டோம். நடுவதற்கு முதல் நாள் டெல்பர்ட் எதிரே வந்தான். சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பலகையில் படித்துக்கொள்ளட்டும், கண்ணில்லையா என்று நினைத்தேன். அந்த நினைப்பு அப்படியே வார்த்தை வார்த்தையாக இன்றும் ஞாபகம் இருக்கிறது.

நட்ட மறுநாள், நாலாவது மைல் சந்திப்பு. அன்று நான் கொஞ்சம் முன்னதாகத் திரும்பிவிட்டேன். பாதை நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. நடுவில் சிவப்புத் தூண், அந்தப் பக்கம் டெல்பர்ட். அவன் தூணைப் பார்த்தே வந்துகொண்டிருந்தான். எனக்கு வீம்பு காட்டுகிறான், கடைசியில் ஒதுங்குவான் என்று நினைத்தேன். அவன் ஒதுங்கவில்லை.

நான் ஓடிப்போனபோது மல்லாந்து கிடந்தான். இடது தோள் கோணியிருந்தது. பாட்டில் உடைந்து ஆப்பிள் கூழ் கல்பொடியில் பரவியிருந்தது. முதலில் அவன் கேட்டது மணி என்ன என்றுதான். பத்தே முக்கால் என்றேன். இமோஜீன் பன்னிரண்டுக்குச் சாப்பிட வேண்டும் என்றான்.

"தூணு எப்ப நட்டீங்க?"

"நேத்து. போர்டுல எழுதி ஒட்டியிருந்தேனே."

"போர்டு இருக்கறது தெரியும். எழுத்துதான் தெரியல."

ஆம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கண்ணில் நடுப்பார்வை போனது. வண்டியை விற்றது அதனால்தான். போன பனிக்காலத்தில் மற்ற கண்ணிலும் போய்விட்டது. ஓரங்கள் நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் வெள்ளைக் கோடு, அந்தக் கோட்டிலேயே போனால் லிண்டன் வந்துவிடும். நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியாது, கட்டைவிரலைக் கண்ணுக்கு முன்னால் வைத்தது போல மறைத்துவிடும். கன்சாஸ் சிட்டியிலிருக்கும் மகள் ரோண்டாவுக்குத் தெரிந்தால் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அங்கே எந்த இல்லத்திலும் இமோஜீனுக்கு இடமில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

"அப்ப ஏப்ரல்ல நான் கை தூக்கினது?" என்று கேட்டேன்.

"தூக்கினியா? எனக்கு என்ன தெரியும்? ஒன் பின் மட்கார்டு கடகடங்கற சத்தத்தை வச்சுத்தான் வர்றது நீன்னே தெரியும். தெனமும் அந்தச் சத்தம் வரும், நீ ஒரு வார்த்தை பேசாம போவ. நான் எதுத்து ஓட்டுப் போட்டதுக்கு இன்னும் கோவமாத்தான் இருக்கே போலன்னு நெனச்சேன்." பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு நீ சொன்னது சரிதான் லோரீன். வீட்டுலதான் உக்காந்திருக்கணும்" என்றான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் லிண்டனுக்குப் போனேன். இமோஜீன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கரண்டியை நீட்டினேன். வாயை மூடிக்கொண்டு கதவையே பார்த்தாள். ஒன்றேகால் மணிக்கு நர்ஸ் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

உடைந்த காரை எலும்பு ஒன்றுசேர ஆறு வாரம் ஆனது. மறுநாளிலிருந்து தினமும் என் காரில் அவனைக் கூட்டிப்போனேன். வலது கையால் ஊட்டினான், அவளும் சாப்பிட்டாள். ரோண்டா வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனித் தனியாகச் சைக்கிளைத் தொட்டால் அன்றே கன்சாஸ் சிட்டிதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். காரில் டெல்பர்ட் மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு பேசாமல் வருவான். ஒரு நாள் மட்டும், என்னையும் பார்சல் ஆக்கிட்ட என்றான். தபால்காரியிடம் சொல்கிற பேச்சா அது.

அக்டோபர் கூட்டத்தில் தூண்களைப் பிடுங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பாதை இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். தெரியவில்லை என்றால் வீட்டில் உட்காரட்டும் என்று நீதானே சொன்னாய் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அவர் வேண்டுமென்றே குத்தவில்லை, சும்மா ஞாபகப்படுத்தினார். எட்டுக்கு ஒன்று. அந்த ஒன்று நான்.

நவம்பரில் சோளம் அறுத்து முடித்திருந்தார்கள். மறுபடியும் சைக்கிள்தான், ஆனால் தனியாக இல்லை: நான் முன்னால் போகிறேன், டெல்பர்ட் பத்தடி பின்னால் வருகிறான். என் மட்கார்டு சத்தம்தான் அவனுக்கு வழி. தூணுக்கு முன் "தூணு, வலது பக்கம்" என்று கத்துவேன், கல்பொடி நெரிபடும் சத்தம் வலப்பக்கம் நகரும். போன வாரம் லிண்டன் சைக்கிள் கடைக்காரர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, ரெண்டு நிமிஷ வேலை, காசு வேண்டாம், அந்த மட்கார்டை முடுக்கித் தருகிறேன் என்றார். அதில் கை வைத்தால் தெரியும் சேதி என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்று ஆறாவது மைலில் எதிரே இரண்டு பேர் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். விரலைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன்.

"கை தூக்குறாங்க, டெல்பர்ட்."

திரும்பிப் பார்த்தேன். அவன் முழுக் கையையும் தூக்கியிருந்தான். அதற்குள் அவர்கள் அவனைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

"யாரு?" என்றான்.

"தெரியாதவங்க."

"சரி. இருந்தாலும் சொல்லிடு. தூக்கலன்னா கோவிச்சுக்குவாங்க."

அடுத்த தூணுக்கு இன்னும் அரை மைல் இருந்தது, மிதித்தேன்.