அக்காவுக்கு மட்டும்

இயந்திரம் காட்டிய எண்ணை அவள் நம்பவில்லை. களிம்பில் இன்னும் கொஞ்சம் எடுத்து, அமிலத்தில் கரைத்து, மறுபடி ஏற்றிப் பார்த்தாள். அதே எண்தான் வந்தது. முகத்தில் பூசுவதில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று சட்டம் சொல்லும் பாதரசத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு.

வேதியியல் படித்து ஆராய்ச்சிக்கு வந்ததிலிருந்து இதுதான் அவள் வேலை. சிவப்பழகு க்ரீம்களைக் கடை கடையாக வாங்கிவந்து சோதிப்பாள். கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் வாங்கியதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சந்துக் கடைகளில் விற்கும், தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பாக்களில்தான் பாதரசம் இருக்கும். எந்த வீட்டுப் பெண்கள் அதை அதிகம் பூசுகிறார்கள் என்று கூட்டங்களில் படம் போட்டு விளக்கியும் இருக்கிறாள். இன்று சோதித்த களிம்பு மட்டும் கடையில் வாங்கியதல்ல. போன வாரம் அக்கா வீட்டு அலமாரியில் டப்பாவைப் பார்த்து, இதுவும் ஒன்று இருக்கட்டுமே என்று வழித்துக்கொண்டு வந்தது.

அக்காவுக்குக் கொஞ்ச நாளாகக் காலும் முகமும் வீங்குகின்றன. கிட்னிக் கோளாறு என்றார் டாக்டர். சர்க்கரை உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் துருவினார். முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கூடப் போயிருந்த இவளுக்கும் அது தோன்றவில்லை.

ஒரே வீடு, ஒரே அம்மா. இவள் வெளுப்பு, அக்கா அப்பா நிறம். வந்தவர் போனவரெல்லாம் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, அம்மாவிடம் ஒரு 'ச்சு' கொட்டிவிட்டுப் போவார்கள். அக்கா கொஞ்சம் வளர்ந்ததும் அம்மா எங்கிருந்தோ அந்த டப்பாவைத் தேடிப்பிடித்து வந்தாள். சாயங்காலமானால் அக்காவை எதிரில் உட்காரவைத்து, மோதிர விரலால் தொட்டுத் தொட்டுப் பூசிவிடுவாள். சின்னவளும் முகத்தை நீட்டினால், "உனக்கு எதுக்குடி? போய்ப் படி" என்பாள். இவள் போய்ப் படித்தாள். அக்கா இன்றுவரை அதே க்ரீமைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் மூன்று மணிக்கே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கால்களை ஸ்டூலில் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன குட்டி, வேலை நாள்ல? துரத்தி விட்டுட்டாங்களா?"

இவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பாதரசம் தோல் வழியே உள்ளே போய்க் கிட்னியைக் கெடுக்கும். இன்றே நிறுத்தினால் ஓரளவு மீளலாம். டாக்டரிடம் சேர்ந்தே போய்ச் சொல்லிவிடலாம். அக்கா மடியில் கிடந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அம்மாவுக்கு இது தெரியாதில்ல?" என்றாள் கடைசியில். அம்மா போய் ஒரு வருஷமாகிறது.

"தெரியாதுக்கா. டப்பாவுல எதுவுமே எழுதல. யாருக்குத் தெரியும்?"

"உன்னப் பத்திப் பேச அவளுக்கு ஆயிரம் இருந்துச்சு. எனக்குன்னு அவ அலைஞ்சு திரிஞ்சு வாங்கினது இது ஒண்ணுதான். என் முகத்தத் தொட்டதே அப்பதான். அதையும் வந்து விஷங்கிற."

இவள் அக்காவின் பாதத்தில் கை வைத்தாள். விரலை எடுத்த பிறகும் அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா மகள், "சித்தி" என்று ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்படியே அக்காவின் நிறம். கன்னம் மட்டும் கழுத்தோடு ஒட்டாமல் வெளிறியிருந்தது.

இவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சூண்டுதான் போடறேன். என்னைச் சொன்ன மாதிரி இவள யாரும் சொல்லிடக் கூடாதேன்னு..."

"இவளையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிரலாம்க்கா."

அக்கா சுவரைப் பிடித்து எழுந்தாள். மகளைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்பைக் குழைத்து முகத்தைக் கழுவினாள். துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி சோப்புப் போட்டாள். மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "போதும்மா, எரியுது" என்றாள். அக்கா விடவில்லை. இரண்டு பேரின் முழங்கை வழியாகவும் தண்ணீர் நுரையோடு வழிந்துகொண்டிருந்தது.