குழாயில் போன மீன்

முத்தையாபுரத்தில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் பிச்சையாவுக்கு எண்ணெயைப் பற்றித் தெரியாதது எதுவுமே கிடையாது. மனைவி முத்துக்கனிக்கு நிமோனியா முற்றி, வென்டிலேட்டர் பொருத்திய பிறகும் அந்த ஞானம் குறையவில்லை. ஐசியூ வாசலில் நல்லெண்ணெய் பாட்டிலோடு நின்றார்.

"மூக்குக் குழாய்ல இத ரெண்டு கரண்டி விடுங்கம்மா. செக்குல ஆட்டுனது. சளி அத்துக்கிட்டு ஓடிரும்."

உணவு நிபுணர் பெர்சி பாட்டிலைத் தொடவேயில்லை. "அண்ணாச்சி, கொழுப்புல பல வகை இருக்கு. நுரையீரல் இப்படி வீங்கி வெந்து கெடக்கும்போது சில கொழுப்பு அதக் கூட்டலாம், சிலது தணிக்கலாம். மீன் எண்ணெ சேந்த உணவக் குடுத்துப் பாப்போம்னு டாக்டர் சொல்லுதாரு. நிச்சயம் கேக்கும்னு சொல்ல முடியாது. ஆராய்ச்சியில ரெண்டு விதமாவும் இருக்கு. நீங்க சம்மதிக்கணும்."

"மீனா?" பிச்சையா காதைப் பொத்தாத குறை. புருஷன் சிகரெட்டை விட்டால் ஆயுசுக்கும் மீன் தொடுவதில்லை என்று திருச்செந்தூர் முருகனிடம் நேர்ந்திருந்தாள் முத்துக்கனி. சாளை மீன் குழம்பு என்றால் உயிரை விடுபவள், அவர் நெஞ்சுக்காக அதை விட்டாள். அவரும் சிகரெட்டை விட்டார், வீட்டில் மட்டும். கடைக்குப் பின்னால் முருகன் வர மாட்டார் என்று நினைப்பு.

"சாமி குத்தமாயிரும்மா. அவ நேர்த்திய நான் முறிக்க மாட்டேன்" என்றார் கண்கலங்க. அப்பேர்ப்பட்ட பக்தர்!

"அப்ப சாதா உணவே போடுதோம்" என்று பெர்சி திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முத்துக்கனியின் நெஞ்சு மெஷின் தள்ளத் தள்ள ஏறி இறங்கியது. பிச்சையா கண்ணாடியோடு ஒட்டி நின்றார். தினமும் தான் முறித்த நேர்த்திக்கு இங்கே வந்து காவல் நிற்கிறோமே என்று முதல் தடவையாக வெட்கப்பட்டார்.

"யம்மா, மீனே விடுங்க. குத்தம் என் தலையில விழட்டும்" என்றார். பிறகு கீழே இறங்கி, படபடப்பு அடங்க ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

முத்துக்கனி மெல்லத் தேறினாள். மருந்தா மீனா, எதனால் என்று சொல்ல முடியாது என்றாள் பெர்சி. பிச்சையாவுக்கா சொல்ல முடியாது? மீன் எண்ணெய்தான் என்று கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம் நடந்தது.

வென்டிலேட்டர் எடுத்து, வாய்வழியே சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஏலக்காயை மென்றபடி கட்டிலருகே குனிந்தார்.

"ஏளா, ஒனக்கு மீன் எண்ணெ குடுக்கும்படி ஆயிட்டு. சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்."

முத்துக்கனி மூச்சை இழுத்தாள். அவர் சட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பி இன்னொரு தடவை இழுத்தாள். நுரையீரல் நன்றாகவே வேலை செய்தது.

"நாளைக்கு வரும்போது சாளக் கொழம்பு கொண்டாங்க" என்றாள் கம்மிய குரலில். "நேர்த்தி எப்பவோ முறிஞ்சிட்டுன்னு ஒங்க சட்ட சொல்லுது."