டோர் பீடிங்

ஜெரால்ட் காரின் படியில் தலையை வைத்து மல்லாந்து படுத்திருந்தான். கதவுச் சட்டத்தின் தகரப் பள்ளத்தில் காய்ந்து கல்லாகிப்போயிருந்த பழைய ரப்பரைச் சுரண்டினான். அது கருப்புத் தூளாக அவன் கண்ணிலும் மூக்கிலும் உதிர்ந்தது. அவன் சுரண்டி முடித்த இடங்களை ஏஞ்சலின் தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

முதலாளியின் அப்பா ஓட்டிய பியட் கார் அது. மழைக்குக் கதவோரமாகத் தண்ணீர் இறங்கி சீட்டு நனைகிறது என்று, நான்கு கதவுக்கும் புது ரப்பர் பீடிங் போட முதலாளி சொல்லியிருந்தார். கும்மிடிப்பூண்டியில் இருந்தது அவருடைய ரப்பர் கம்பெனி. பீடிங்கை அங்கேயே ஓட்டி எடுத்தாயிற்று. வெளி மெக்கானிக் கையில் காரைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மிஷினில் நிற்கும் ஜெரால்டையும் ரப்பரில் பிசிறு வெட்டும் ஏஞ்சலினையும் அனுப்பச் சொன்னார். இருவரும் கான்ட்ராக்ட் ஆட்கள், ஒரே காலனி. அவள் அவனை அண்ணா என்பாள்.

கம்பெனிக்குப் பின்னால் குடோனில் கார் நின்றது. மேனேஜர் சந்திரமோகன் ஷட்டரை முழுக்க இறக்கச் சொல்லியிருந்தார். பக்கத்து இரும்பு ஆலையிலிருந்து வரும் கரித்தூள் பசையில் ஒட்டிக்கொண்டால் பீடிங் பிடிக்காது என்றார். தலை கனக்கிறது, ஷட்டரை ஒரு முழமாவது தூக்கிவிடலாமா என்று ஜெரால்ட் போய்க் கேட்டான். சாயங்காலம் முதலாளி பார்க்க வருகிறார், வேலையை முடித்துவிட்டுக் காற்று வாங்கு என்று அனுப்பிவிட்டார்.

பிறகு பசை பூசினார்கள். பள்ளத்தில் ஒரு பூச்சு, ரப்பரின் முதுகில் ஒரு பூச்சு. கொஞ்சம் உலர விட்டு, மூலையிலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஏஞ்சலினுக்குத் தொண்டை எரிந்தது. கம்பெனி கோட்டுக்குள்ளிருந்து முந்தானையை இழுத்து மூக்கைக் கட்டிக்கொண்டாள், கோட்டோடு அதுவும் பசையில் நனைந்தது. நான்காவது கதவை அழுந்தச் சாத்தியபோது ஜெரால்ட் காரணமில்லாமல் சிரித்தான். ஏதோ சொன்னான், வார்த்தை குழறியது.

"அண்ணா, இன்னா ஆச்சு?"

அவன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். வாயில் நுரை தள்ளியது.

ஏஞ்சலின் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கத்தினாள். சந்திரமோகனும் முதலாளியின் டிரைவர் மணிகண்டனும் வந்தார்கள். கம்பெனி வேன் சரக்கோடு போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், ஹைவேயில் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். இந்தக் காரிலேயே கொண்டுபோகலாம் என்றாள் ஏஞ்சலின்.

"காலைல வரைக்கும் டோரத் தொறக்கக் கூடாது. பசை இன்னும் புடிக்கல" என்றார் சந்திரமோகன். முதலாளிக்குப் போன் போட்டு, சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

ஜெரால்டின் உதடு நீலம் பாய்ந்தது. ஏஞ்சலின் நேராகப் போய்ப் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். புது பீடிங் பாதி பிய்ந்து கதவோடு வந்து தொங்கியது.

"மணி அண்ணா, கால புடி."

காரைத் தொட்டால் இன்றோடு வேலை போய்விடும் என்று சந்திரமோகன் சொன்னார். மணிகண்டன் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து ஜெரால்டின் கால்களைத் தூக்கினான்.

ஜெரால்ட் பிழைத்துக்கொண்டான். ஆனால் எதிரில் நிற்பவர் யாரென்று குரலை வைத்துத்தான் தெரிந்தது. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கிப் பாதி கீழே கொட்டியது. மணிகண்டனிடம் அன்றே கார் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் கம்பெனியில் வேறு பேச்சு கிளம்பியது. ஜெரால்ட் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், வாயில் வாடை அடித்ததை நானே பார்த்தேன் என்று சந்திரமோகன் எல்லோரிடமும் சொன்னார். குடித்து விழுந்தவனுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. காலனி வரைக்கும் அந்தப் பேச்சு வந்தது. ஜெரால்டின் மனைவி கிரேஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஏஞ்சலின் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஞாயித்துக்கெழமைல குடிப்பாரு, எனக்குத் தெரியும். அன்னிக்கும் குடிச்சிக்கினு வந்தாரா? நெசத்த சொல்லு."

ஏஞ்சலினுக்கு வந்த ஆத்திரத்தை அவள்மேல் காட்ட முடியவில்லை. "அதே நாத்தத்தோடதான் நானும் ஊட்டுக்கு வந்தேங்க்கா. நான் இன்னாத்த குடிச்சேன்?" என்றாள்.

கிரேஸ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்த ஏஞ்சலினை இரண்டு நாள் கழித்து விசாரணை என்று கூப்பிட்டார்கள். கிளம்பும்போது குளியலறை மூலையிலிருந்த பிளாஸ்டிக் கவர் கண்ணில் பட்டது. அன்றைக்குப் போட்டிருந்த கம்பெனி கோட்டு. நெடி தாங்காமல் அவள் பிள்ளை வாந்தி எடுத்ததால் இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அதையும் எடுத்துக்கொண்டாள்.

ஏசி அறையில் ஆட்களைக் கவனிக்கும் பர்சனல் பிரிவு அதிகாரியும் சந்திரமோகனும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நாற்காலி இல்லை. அதிகாரி தன்மையாகவே பேசினார். ஜெரால்ட் குடித்திருந்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரில் பீடிங்கைப் பிய்த்ததைக் கம்பெனி பெரிதுபடுத்தாது, நாளையிலிருந்தே ஷிப்டுக்கு வரலாம் என்றார்.

"இன்னா வாடை அடிச்சிதுன்னு நீங்களே பாருங்க சார்."

முடிச்சை அவிழ்த்து, பசை படிந்த கோட்டை அவர் மேஜைமேல் உதறி விரித்தாள்.

சாத்திய அறையில் நெடி சட்டென்று ஏறியது. அதிகாரி கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு இருமினார். சந்திரமோகன்தான் முதலில் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். வெகுநாள் திறக்காத கொக்கி, இறுகிப்போயிருந்தது. கையால் நாலு குத்துக் குத்தித் திறந்தார். அதிகாரியும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கினார்கள்.

ஏஞ்சலின் மேஜையருகிலேயே நின்றாள்.

அவளுக்கும் இனி இங்கே வேலை இல்லை என்பதை அதிகாரி முகத்தை உள்ளே இழுக்காமல், வெளியே பார்த்தபடியே சொன்னார்.