இரண்டு இழுப்பு

வேண்டாவின் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை அவள் மகள் அம்சாவின் இடுப்பில். ஐம்பத்து நாலாம் வருஷம் பட்டிப்புலத்துச் சவுக்குத் தோப்பில், கன்றுகளுக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றுவது வேண்டாவுக்கு வேலை. மணலில் தோண்டிய குழியில் மொண்டு, கன்றடியில் கொட்டி, மறுபடி குழிக்கு. செக்குமாட்டைக்கூட மத்தியானம் அவிழ்த்துவிடுவார்கள்.

அம்சாவுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. காது நன்றாகவே கேட்கும். தூரத்தில் வண்டி வருவது முதலில் அவளுக்குத்தான் தெரியும். போன ஐப்பசியில் கண்மூடித் திறப்பதற்குள் கடலில் இறங்கிவிட்டாள். அன்றைக்குக் கட்டிய கயிறு. பாவம் என்றது ஊர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஊரில் ஒருத்திக்கும் கை ஒழியவில்லை.

ஒருநாள் குழியருகே கயிறு இறுகியதும் அம்சா தானாக நின்றாள். வேண்டா அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டாள். மகள் கையில் ஒரு செம்பைக் கொடுத்து, ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் வா என்று நடக்க நடக்கவே பழக்கினாள். மாசி முடிவதற்குள் பெண் தானே மொண்டு தானே ஊற்றினாள். ஆனால் அவளாக ஒருதரம்கூடக் கயிற்றை இழுத்ததில்லை. தாய் சொன்னது உள்ளே போகும், பதில் வராது; கிணற்றில் போட்ட கல்தான்.

அந்த வாரம் கயிறு உரசி நாலு கன்று முறிந்தது. மேஸ்திரி எல்லப்பன் வந்து நின்றான்.

"நாளைக்கு கவுறு இல்லாம கூட்டினு வா. ஓடாம வேலை செஞ்சா ரெண்டு பேரும் வாங்க. ஓடுச்சின்னா வூட்ல கட்டிப் போட்டுட்டு நீ மட்டும் வா."

வீட்டில் கட்டினால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தூணோடுதான். நாலு மாதம் பழக்கியதெல்லாம் போய்விடும்.

மறுநாள் எல்லப்பன் கண்ணெதிரிலேயே முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் குழிக்கரையில் சுருட்டிப் போட்டாள். முதல் நடை, இரண்டாவது நடை, அம்சா ஒழுங்காக ஊற்றினாள். மூன்றாவது நடையில் செம்பை மணலில் வைத்துவிட்டுக் கடலை நோக்கி ஓடினாள்.

"அவ்ளோதான், போச்சி" என்றான் எல்லப்பன்.

வேண்டா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் எட்டுவதற்குள் அம்சா நின்றுவிட்டாள். இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பித் தாயைத் தாண்டிக் குழிக்கரைக்குப் போய், கயிற்றை எடுத்துவந்து, ஒரு முனையைத் தாயின் கையில் திணித்தாள். மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். ஒன்று. இரண்டு.

வா என்கிறாள். ஒன்பது வருஷத்தில் பிள்ளை இன்றைக்குத்தான் தாயைக் கூப்பிட்டது. வேண்டாவின் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது.

எல்லப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடிய பிள்ளையும் மறுபடி கைக்கு வந்த கயிறும்தான். அதைக் கீழே போட்டுவிட்டுக் குடத்தை எடுக்கச் சொன்னான். நாளையிலிருந்து பெண் வீட்டில், இல்லாவிட்டால் வேலை இல்லை என்றான்.

"அது என்னெ கூப்புடுது மேஸ்திரி. இன்னான்னு கேட்டுட்டு வரேன்" என்றாள் வேண்டா.

திரும்பி வரும்போது வேலை இருக்காது என்று அவளுக்குத் தெரியும். கயிறு மறுபடி இரண்டு முறை இழுபட்டது. முனையைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு மகள் பின்னால் கடல் பக்கமாக நடந்தாள்.