கோட்டும் குட்டைமுடியும்

அந்தக் கேசட்டோடு சுந்தர்சிங் தாம்பரத்தில் பல வீடியோ கடைகள் ஏறி இறங்கியிருந்தான். எந்த டெக்கில் போட்டாலும் படம் கறுப்பு வெள்ளையில் மேலும் கீழுமாக உருண்டது. "ஃபாரின் கேசட்டு சார், நம்ம டெக்குல நிக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் ஒருவர், கேம்ப் ரோட்டில் பொன்னுரங்கம் கட்டிய கடைகளில் ஒரு வீடியோ லைப்ரரி இருக்கிறது, அங்கே மல்டி சிஸ்டம் டெக் உண்டு என்றார்.

அது 1992. பொன்னுரங்கம் சேலையூர்க்காரர். ஏரிப்பக்கம் இருந்த நிலத்தை மனை போட்டு விற்ற பணத்தில் ரோட்டோரம் மூன்று கடைகள் கட்டினார். ஒன்றில் மளிகை. ஒன்றில் டெய்லர் சிட்டிபாபு. மூன்றாவதில் அவருடைய மூத்த மகள் சாமுண்டீஸ்வரி வீடியோ லைப்ரரி நடத்தினாள். பி.காம். முடித்தவள், இருபத்தாறு வயது. செவ்வாய் தோஷம் என்று சொல்லி இரண்டு மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. அதைப் பற்றி வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள், அவளைத் தவிர.

சுந்தர்சிங் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பெருங்களத்தூரில் அம்மாவோடு இருந்தான். புதிய மெஷின் ஒன்றைப் பொருத்திக் கொடுக்க ஜப்பானிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இடமில்லை என்று சில சாமான்களை அவனிடம் விட்டுப் போனார். அதில் ஒன்று இந்தக் கேசட்.

"என்ன படம் சார் இது?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"தெரியலைங்க மேடம். தெரிஞ்சிக்கத்தான் கொண்டாந்தேன்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது. டெக்கில் போட்டாள். படம் உருளாமல் நின்றது, கலரோடு. கார்ட்டூன். ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன், தூரத்தில் கடல், கம்பியில் ஒரு காக்கை.

"குழந்தைங்க படமா?"

"இருக்கும்" என்றான். இருவரும் பார்த்தார்கள். காக்கை பறந்துபோனது. காலியான கம்பி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. குழந்தைகள் படத்தில் இவ்வளவு நேரம் ஒரு கம்பியைக் காட்டமாட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது.

அன்று வாடிக்கையாளர் வந்துவிட்டதால் படம் கால் மணி நேரத்தில் நின்றது. "அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க சார். அந்த நேரம் யாரும் வரமாட்டாங்க" என்றாள். இப்படித்தான் அது தொடங்கியது. ஞாயிறு ஆராதனை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவன் சைக்கிளில் வருவான். கடையின் கதவு ரோட்டைப் பார்த்துத் திறந்தே இருக்கும். அவள் கவுன்ட்டருக்கு உள்ளே, அவன் வெளியே ஸ்டூலில்.

ஒரு வார்த்தை புரியாது. அதனால் இருவரும் கண்ணால் மட்டுமே கதை பிடிக்க வேண்டியிருந்தது. படத்தில் வரும் பெண் அந்த ஸ்டேஷனில், பயணிகள் தவறவிட்ட சாமான்களை வைத்திருக்கும் அறையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கழுத்தோடு வெட்டிய முடி. பெயர் தெரியாததால் குட்டைமுடி என்று வைத்துக்கொண்டார்கள். எப்போதும் ஒரே பழுப்பு கோட்டில் வருகிறவன் கோட்டு. கோட்டு ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை ரயிலில் மறந்துவிடுகிறான். குட்டைமுடி அதைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். அவன் வாங்க வருகிற நாளில் அவளுக்கு லீவு. வேறொருவர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

"பாத்தீங்களா" என்றான் சுந்தர்சிங் ஒரு ஞாயிறு. "டப்பாவை முதல்ல மேல் தட்டுல வச்சா. அப்புறம் கீழ் தட்டுக்கு மாத்தினா. உள்ள வந்ததும் அவன் கண்ணுல படணும்னு."

"அது இருக்கட்டும். ரெண்டாவது தடவை அவன் மறந்துட்டுப் போகலை சார். வேணும்னே விட்டுட்டுப் போறான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எறங்கும்போது திரும்பி சீட்டைப் பாக்கறான். மறந்தவன் பாப்பானா?"

அவள் கேசட்டைப் பின்னால் ஓட்டிக் காட்டினாள். கோட்டு திரும்பிப் பார்த்தான். சுந்தர்சிங் வாய்விட்டுச் சிரித்தான்.

பக்கத்துக் கடையிலிருந்து சிட்டிபாபு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பான். "இன்னாக்கா படம் இது? பொம்மையும் பொம்மையும் பாத்துகினே கீது. ஒரு சண்டை கிண்டை கிடையாதா? ஒரே பேஜாரா கீதே" என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு வயதான ஆள் குட்டைமுடியோடு ஒரே வீட்டில் இருக்கிறாரே, அவர் அப்பாவா, மாமனாரா? அவள் விதவையா? கோட்டு ஏன் ஒரு காட்சியில் மட்டும் கோட்டில்லாமல் வந்தான்? வாரம் முழுவதும் இருவருக்கும் இதே யோசனை. பஸ்ஸில் நின்றுகொண்டே அவன் ஒரு காரணம் கண்டுபிடிப்பான். அரிசி களைந்துகொண்டே அவள் அதை உடைக்கும் வேறொன்றைக் கண்டுபிடிப்பாள். பல மாதங்கள் இப்படி நீண்டது. படம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஆனால் அவனுடைய அப்பா எப்போது இறந்தார் என்று அவள் கேட்டதில்லை. அவளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அவன் கேட்டதில்லை.

கடைசிக் காட்சிதான் இருவரையும் வாட்டியது. நல்ல வெயில். பிளாட்பாரத்தில் தூண்களின் நிழல் வரிவரியாக விழுந்திருக்கிறது. கோட்டு கையில் பெரிய பெட்டி, ஊரைவிட்டே போகிறான் என்று தெரிகிறது. குட்டைமுடி தன் அறையிலிருந்து வெளியே வந்து நிற்கிறாள். அவன் ஒரு சின்ன வாக்கியம் சொல்கிறான். அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். அவன் ரயில் ஏறுகிறான். அவ்வளவுதான்.

"கூட வர்றியான்னு கேக்கறான். மாட்டேன்னு சொல்றா" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"இல்ல மேடம். திரும்பி வந்துடுவேன்றான். சரின்றா."

"சரின்னு சொல்றவ முகமா அது?"

"மாட்டேன்னு சொல்றவ ஏன் ரயில் போனப்புறமும் அங்கயே நிக்கறா?"

தீரவே இல்லை. 1993 ஜூனில், புது மெஷின்களில் பயிற்சி பெற, கம்பெனி அவனை எட்டு மாதம் ஜப்பானுக்கு அனுப்பியது. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு கேசட்டை வாங்கிக்கொள்ள வந்தான். வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்காரவில்லை. கேசட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றான்.

"அங்க யாரையாவது கேட்டு, அவங்க என்னதான் பேசிக்கிட்டாங்கன்னு வந்து சொல்றேன்."

"சொல்லுங்க சார்" என்றாள் அவள். வேறு என்னவோ சொல்ல வந்தது. அப்பா மளிகைக் கடை வாசலில் நின்று மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க குளிரும். ஸ்வெட்டர் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"வாங்கிட்டேன்."

அந்த எட்டு மாதத்தில் தெருவுக்குத் தெரு கேபிள் வந்துவிட்டது. கேசட் எடுக்க ஆள் குறைந்தது. கடையில் பாதியைத் தடுத்து, கண்ணாடிக் கதவு போட்டு, எஸ்.டி.டி. பூத் ஆக்கினார் பொன்னுரங்கம். பூத்துக்கும் சாமுண்டீஸ்வரியே உட்கார்ந்தாள். அவளுக்காகக் காத்திருந்து பயனில்லை என்று தங்கை ரமாவுக்கு முதலில் முடித்துவிடத் தீர்மானித்தார்கள். தை மாதக் கடைசியில் கல்யாணம். அந்த வாரம் கடை பூட்டியிருந்தது.

சுந்தர்சிங் ஊர் திரும்பிய மறுநாளே கேம்ப் ரோட்டுக்கு வந்தான். ஷட்டர் இறங்கியிருந்தது. சிட்டிபாபுவிடம் கேட்டான்.

"அக்கா இல்ல சார். மொதலாளி வூட்ல கண்ணாலம். பொண்ணுக்கு. அல்லாரும் மண்டபத்துல கீறாங்கோ. நான்கூட ஜாக்கெட்டு தச்சுகினு கீறேன், பாருங்க."

மெஷினில் மாம்பழ மஞ்சள் நிறத்தில் ஒரு ஜாக்கெட் பாதி தைத்துக் கிடந்தது. சுந்தர்சிங் அதைப் பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

கல்யாணக் களேபரத்தில் சிட்டிபாபு இதை மறந்துபோனான். பங்குனியில் ஒரு நாள்தான் நினைவு வந்தது. "அக்கா, சொல்ல மறந்துட்டேன். அந்த ஃபேக்டரி சார் வந்தாரு. கண்ணாலம்னு சொன்னேன். போய்ட்டாரு."

"திரும்பி வரேன்னு சொன்னாரா?"

"ஒண்ணியும் சொல்லல."

வந்தவன் மறுபடி வருவான் என்று அவள் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ரோட்டைப் பார்த்தாள். சித்திரை போனது, வைகாசி போனது. வர விருப்பமில்லாதவனைத் தேடிப் போவானேன் என்று ஒரு மனம். ஆனால் கோட்டு என்னதான் சொன்னான்? அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. பூத்தில் யாராவது புரியாத பாஷையில் போன் பேசினால் காது தானாக அங்கே போனது.

ஆடியில் ஒரு நாள் நீலச் சீருடையில் ஒருவர் போன் பேச வந்தார். சட்டைப் பையில் அந்தத் தொழிற்சாலையின் பெயர் தைத்திருந்தது.

"உங்க கம்பெனியில சுந்தர்சிங்னு ஒருத்தர்... இன்னும் அங்கதான் வேலை பாக்கறாரா?"

"அங்கதாம்மா. ஜப்பான்லேர்ந்து வந்து ஆறு மாசம் ஆச்சே. எங்க செக்‌ஷன்தான்."

அடுத்த நாள் பூத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தாம்பரம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, மேற்கே போய்ச் செங்கல்பட்டு பஸ் பிடித்தாள். வண்டலூர் தாண்டும்வரை என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது என்று தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கேட்கத்தானே போகிறோம்?

வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்பினார். சுந்தர்சிங் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். இளைத்திருந்தான்.

"மேடம்... நீங்களா?"

"வந்து சொல்றேன்னீங்களே சார். நீங்க வரலை. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என்ன பேசிக்கிட்டாங்க அவங்க?"

கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் வேப்பமர நிழலில் நின்றார்கள். அவன் இரண்டு டீ சொன்னான்.

"ஹாஸ்டல்ல சமைக்கிற அம்மாகிட்ட போட்டுக் காட்டினேன். அதுக்குள்ள எனக்கும் கொஞ்சம் பேச வந்துடுச்சு. அவன் சொல்றான், 'மழை விட்டுடுச்சு.' அவ சொல்றா, 'ஆமா.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தாள். "மழை எங்க சார் வந்துச்சு? தூண் நிழல்கூட விழுந்திருந்துதே."

அவன் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "அதையேதான் நானும் கேட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, 'உங்க ஊர்ல யாரும் இப்படிப் பேசிக்கறதில்லையா?'ன்னாங்க."

சாமுண்டீஸ்வரி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஸ்வெட்டர் வாங்கிட்டீங்களா என்று தான் கேட்டது திடீரென்று காதில் விழுந்தது.

"கல்யாணமெல்லாம் நல்லா நடந்ததா?" என்றான் அவன், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு. "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"எனக்கா? கல்யாணம் ரமாவுக்கு சார். என் தங்கச்சிக்கு."

அவன் நிமிர்ந்தான். ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போய் முடிந்தது.

"யாருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றாள் மெதுவாக.

"கேட்டிருக்கலாம்."

"நானும் உங்க கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நாள் பூரா போன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

அவன் கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "சர்ச்சுல எனக்கு ஓலை வாசிச்சிட்டாங்க மேடம். கல்யாண அறிவிப்பு. மூணு ஞாயிறு வாசிப்பாங்க. ரெண்டு முடிஞ்சிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "மூணாவது இன்னும் வாசிக்கலை" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்தது. முதல்முறையாக அவன் நேராகச் சொன்னது அதுதான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பொண்ணு பேர் என்ன?"

"அருள்மேரி. செங்கல்பட்டுல நர்ஸ். அப்பா கிடையாது. அம்மாவும் அவங்களும்தான்."

"அவங்களுக்கு உங்களைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு" என்றான். "டூட்டி முடிஞ்சு வந்து, இந்தக் கம்பெனி கேட்டாண்ட நின்னு, நான் சாப்பிட்டேனான்னு கேட்டுட்டுப் போறாங்க."

"அவ்வளவு தூரம் வந்து கேக்கறாங்களா?" என்றாள் சாமுண்டீஸ்வரி. "அப்ப மூணாவதையும் வாசிக்கச் சொல்லுங்க சுந்தர்."

அதுவரை அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். தாம்பரம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். கூடுவாஞ்சேரிவரை அடக்கி வைத்திருந்தாள், அதற்குமேல் முடியவில்லை. பக்கத்து சீட்டில் மீன்கூடையோடு இருந்த அம்மாள் எதுவும் கேட்காமல் ஜன்னலோரம் இடம் மாற்றிக் கொடுத்தாள்.

சுந்தர்சிங்கின் கல்யாணம் ஆவணியில் நடந்தது. பொன்னுரங்கம் வீட்டுக்குப் பத்திரிகை வந்தது. அவள் போகவில்லை. சிட்டிபாபு போய்விட்டு வந்து, பிரியாணி நன்றாக இருந்தது என்றான்.

அந்த வருஷ முடிவில் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தாள். நகரத்தில் ஜப்பானிய மொழி வகுப்பு, சனிக்கிழமை மாலைகளில். "இந்த வயசுல அது எதுக்கும்மா?" என்றார் பொன்னுரங்கம். "தெரியலைப்பா. போய்ப் பாத்தாதானே தெரியும்" என்றாள். மின்சார ரயிலில் போனாள். வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனிகள் அனுப்பிய ஆண்கள். டீச்சர் ஒரு ஜப்பானியப் பெண்மணி, அரைகுறைத் தமிழில் ஒவ்வொருவரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். புரமோஷன் என்றார்கள், டிரெயினிங் என்றார்கள்.

அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள்.

"சொல்றேன் மேடம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம், ஒரு படத்தோட கடைசி வசனத்தைப் பத்தி."

"கேள்வி எல்லாம் கடைசியில்" என்றார் டீச்சர் சிரித்துக்கொண்டே.

"இல்ல மேடம்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "இப்பவே கேட்டுடறேனே."