கடைசிக் காட்சியில் குப்பி

மது ஊற்றி வைத்துக்கொள்ளும் இந்த இடுப்புக் குப்பியை எந்தப் பெண்டாட்டிக்குப் பயந்தவன் கண்டுபிடித்தானோ, அவன் நாசமாய்ப் போக! தட்டையாக, லேசாக வளைத்து, பின்பாக்கெட்டில் போட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்கிற மாதிரி செய்திருக்கிறான். அந்தக் காலத்தில் குதிரையில் போகிறவர்கள் குளிருக்கு வைத்துக்கொண்டார்களாம். மதுவிலக்கு வந்த ஊர்களில் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டதாம். எல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னதுதான். குடித்த காலத்தில் அதன் சரித்திரம் முழுக்க அவருக்கு மனப்பாடம்.

குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு வாய் குடித்தாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்க" என்றேன். மனசு வரவில்லை. "நாடகத்துக்கு ஆகும்" என்று எங்கள் குழுவுக்கே கொடுத்துவிட்டார். அவர் அங்கே நடிகர், நான் தையல்காரி. இந்த நாடகத்தில் அவருக்குக் குடிகாரன் வேஷம் வேறு. கேட்க வேண்டுமா! மேடைச் சாமான் பொறுப்பாளர் குப்பியில் ஆறின டீ ஊற்றித் தருவார், நான் கோட்டில் வைத்து மாட்டிவிடுவேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாடகம் கடைசித் தடவையாக மேடையேறும் காட்சியில் எல்லாம் அசலாக இருக்க வேண்டும். அட்டைப் பழத்துக்குப் பதில் நிஜப் பழம், காகிதப் பூவுக்குப் பதில் நிஜப் பூ. அன்றைக்கு இந்த நாடகத்துக்குக் கடைசி நாள். சாமான் பொறுப்பாளர் குழுவுக்குப் புதியவர், தங்கமான மனுஷர். நாடகம் பாதி நடக்கும்போது திரையோரம் என் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார்.

"அக்கா, இன்னைக்கு அண்ணன் குப்பியில அசல் பிராந்தி. உசத்திச் சரக்கு!"

"அட பாவி மனுஷா" என்றேன். பாவம், அவரிடம் யார் விஷயத்தைச் சொன்னார்கள்?

மேடையில் இவர் மூடியைத் திருகிவிட்டார். வாசனை ஏறியதும் கை அப்படியே நின்றது. ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்க வேண்டிய இடம் அது. குடித்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. நாடகத்துக்காகக் குடித்தேன் என்று என்னிடமே சொல்லலாம், நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். குப்பி உதட்டுக்குப் போயிற்று. "வேணாம்யா, வேணாம்யா" என்று முனகினேன்.

குப்பியை இறக்கினார். நேராக நான் நின்ற இடத்துக்கு நடந்து வந்தார். நாடகத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது.

"இதை நீ வச்சுக்கோ. என் கையில இருந்தா குடிச்சிடுவேன்."

சபை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். குப்பி சாய்ந்து, பிராந்தி என் விரலில் வழிந்தது. ஜனம் கைதட்டியது. அதற்கென்ன தெரியும்! வெறுங்கையோடு திரும்பிப் போய், தள்ளாடி விழுந்து, மிச்சக் காட்சியை முடித்தார்.

ஒப்பனை அறையில் கோட்டைக் கழற்றிவிட்டேன். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"வாசனை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

இந்த மனுஷனை அடிக்கவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது.

"இந்த ஆசை நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்டி."

"இருக்கட்டும். நாளைக்கும் என்கிட்டயே கொண்டுவந்து கொடுங்க."